"திரே" என்றால் எந்தக் கோடு? ஆறு மொழி லேபிளில் சிறுகோடும் நெடுங்கோடும்

கொட்டகலை லேஅவுட் கேட்டது:

தேயிலைப் பெக்கெட் ஒன்றின் பின்பக்கத்தை ஆறு மொழியில் அடிக்கவேண்டும்: ரஷ்யம், உக்ரேனியம், பல்கேரியம், போலிஷ், அஸர்பைஜானி, துருக்கியம். புரூஃப் திருத்தி வந்திருக்கிறது. அதில் ரஷ்ய, பல்கேரிய, அஸர்பைஜானி, துருக்கியத் திருத்துநர்கள் நாலு பேரும் ஓரத்தில் ஒரே சொல்லைத்தான் எழுதியிருக்கிறார்கள்: திரே. முதல் இருவர் சிரிலிக் எழுத்தில், மற்ற இருவர் லத்தீன் எழுத்தில். லத்தீனில் இருப்பதை மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டால் "டயர்" என்று வருகிறது.

குறிப்பு விழுந்த இடங்கள் இவை. ஊற வைக்கும் நேரம் "3 - 5 நிமிடம்" என்று சிறுகோட்டுக்கு இரண்டு பக்கமும் இடம் விட்டு அடித்திருந்தேன். அதை எல்லாருமே வட்டம் போட்டிருக்கிறார்கள். நாட்டின் பெயரில் ரஷ்யர் "இங்கே திரே இல்லை, தெஃபிஸ்" என்கிறார். பல்கேரியரோ அங்கே கோடே வேண்டாம் என்று வெட்டிவிட்டார். போலிஷ் திருத்துநர் திரே என்ற சொல்லையே பாவிக்கவில்லை, "மிஷ்ல்னிக்" என்கிறார்.

நாலு பேர் சொல்வதும் ஒரே கோடா? பிளேட் போடுவதற்கு முன் தெரிந்தாகவேண்டும்.

---

பேராதனைச் சொல்லாய்வு எழுதியது:

சொல் ஒன்று, கோடு ஒன்றில்லை. அதுதான் சிக்கலே.

மூலம் பிரெஞ்சு "திரே". "திரே" என்றே ஒலிக்கும் ஒரு வினையிலிருந்து வந்தது. அந்த வினைக்கு "இழு" என்று பொருள். நாமும் கோட்டை "இழு" என்றுதானே சொல்கிறோம். பிரெஞ்சிலிருந்து ரஷ்யத்துக்குப் போய், அங்கிருந்து ரஷ்யம் செல்வாக்குச் செலுத்திய மொழிகளுக்கெல்லாம் பரவியது. உக்ரேனியம், பல்கேரியம், ஜோர்ஜியம், அஸர்பைஜானி, உஸ்பெக் எல்லாவற்றிலும் திரே என்றால் நெடுங்கோடு (—). துருக்கியம் மட்டும் வேறு வழி. ரஷ்யம் இடையில் வராமல் நேரே பிரெஞ்சிலிருந்து எடுத்துக்கொண்டது. அங்கே திரே என்றால் சிறுகோடு (-). பள்ளிக்கூட இலக்கணத்தில் அதற்கு "கிஸா சிஸ்கி", அதாவது குட்டைக் கோடு என்று பெயர். (துருக்கியத்தில் அதே எழுத்துக்கூட்டலில் தையல் நூலுக்கும் ஒரு சொல் இருக்கிறது. ஆகவே உங்கள் கருவி டயரோடு நிறுத்தியது நல்லதுக்குத்தான்.)

ஆகவே "3 - 5" என்ற ஒரே இடத்தில் ரஷ்யர் எழுதிய திரேயும் துருக்கியர் எழுதிய திரேயும் எதிரெதிர் கட்டளைகள். ரஷ்யர் கேட்பது "நீட்டு, இடைவெளியை எடு". துருக்கியர் கேட்பது "சிறுகோடே இருக்கட்டும், இடைவெளியை மட்டும் எடு". ஒரேயடியாகத் தேடி மாற்றினால் ஒன்று கட்டாயம் பிழையாகும்.

அடுத்தது தெஃபிஸ், அதாவது ரஷ்யத்தில் சிறுகோடு. லத்தீனில் "பிரிவு" என்று பொருள்படும் திவிஸியோ, ஜெர்மன் அச்சுக்காரர் வாயில் திவிஸ் ஆகி, ரஷ்யத்தில் தெஃபிஸ் ஆனது. வரி முடிவில் சொல்லை உடைக்கப் போட்ட கோடு என்பதால் அந்தப் பெயர். இன்று அது செய்கிற முக்கிய வேலையோ சேர்ப்பது! லத்வியத்தில் தெஃபிஸே. ஜோர்ஜியத்தில் ஃப ஒலி கிடையாது, ஆகவே தெபிஸி. நம்மாட்கள் "பேக்டரி" என்று சொல்லுவது போலத்தான். போலிஷிலும் செக்கிலும் திவிஸ் என்ற சொல் உண்டு, ஆனால் அது அச்சுக்கூடச் சொல். பாடப்புத்தகத்தில் போலிஷ்காரருக்கு அது வொன்ச்னிக், செக்காரருக்கு ஸ்பொயொவ்னீக். இரண்டுக்கும் "இணைப்பது" என்றே பொருள்.

பெலாரஷ்யம் ரஷ்யத்துக்குப் பக்கத்து வீடு, ஆனாலும் திரேயை வாங்கவில்லை. பிரட்சியாஷ்னிக் என்று தன் சொல்லிலேயே வைத்துக்கொண்டது. அதன் வேரும் "இழு, நீட்டு" என்பதே. சொல்லை விட்டுவிட்டுக் கருத்தை மட்டும் எடுத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது.

மேற்கே போனால் பெயர் முழுக்க மாறும். ஜெர்மனில் நெடுங்கோட்டுக்குப் பெயர் "சிந்தனைக் கோடு". போலிஷ் மிஷ்ல்னிக் (மிஷ்ல் என்றால் எண்ணம்), ஹங்கேரியம், லத்வியம், எஸ்தோனியம், ஃபின்னிஷ் எல்லாவற்றிலும் அதே சிந்தனை, அவரவர் சொல்லில். செக்கும் ஸ்லோவாக்கும் அதை "பொம்ல்ச்கா" என்கின்றன. மௌனமாயிருப்பது என்ற வினையிலிருந்து வந்தது. ருமேனியத்தில் "நிறுத்தக் கோடு". ஒரே கோட்டை ஒருவர் இழுவை என்கிறார், ஒருவர் எண்ணம் என்கிறார், இன்னொருவர் மௌனம் என்கிறார். எனக்கு மௌனம்தான் பொருத்தமாகப் படுகிறது.

ரஷ்யத்திலும் திரே பழைய சரக்கு இல்லை. ரஷ்ய அறிஞர் லமனோசவ் 1755இல் எழுதி முடித்த இலக்கணத்தில் சிறுகோடு இருக்கிறது, "ஒன்றாக்கும் குறி" என்ற பெயரில். நெடுங்கோடு அந்தப் பட்டியலிலேயே இல்லை. அந்த நூற்றாண்டின் கடைசியில் எழுத்தாளர் கரம்ஸினின் எழுத்து வழியாகத்தான் அது பரவியது என்பார்கள்.

---

தலவாக்கலை அச்சுக்கூடம் எழுதியது:

சொல் வரலாறு சேர் சொல்லிவிட்டார். கையில் செய்கிற வேலையை நான் சொல்கிறேன்.

கோடு மூன்று. சிறுகோடு (-), நடுக்கோடு (–), நெடுங்கோடு (—). பெரும்பாலான எழுத்துருக்களில் நெடுங்கோடு எழுத்தின் அளவே நீளம், நடுக்கோடு அதில் பாதியை ஒட்டி. 8 பொயின்டில் அடித்தால் நெடுங்கோடு ஏறக்குறைய 8 பொயின்ட், நடுக்கோடு 4. லேபிள் அளவில் இந்த வித்தியாசம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்.

விண்டோஸில் நம்லொக்கைப் போட்டுவிட்டு, வலது பக்க எண்பலகையில் மட்டும்: ஆல்ட் 0150 நடுக்கோடு, ஆல்ட் 0151 நெடுங்கோடு. மேல்வரிசை எண்களில் தட்டினால் ஒன்றும் வராது. வேர்டில் கொன்ட்ரோலோடு எண்பலகைக் கழித்தல் நடுக்கோடு. அதோடு ஆல்டையும் சேர்த்தால் நெடுங்கோடு. இன்டிசைனில் ஆல்டும் சிறுகோடும் நடுக்கோடு, ஷிஃப்டும் சேர்ந்தால் நெடுங்கோடு. மேக் என்றால் ஆல்டுக்குப் பதில் ஒப்ஷன். போனில் சிறுகோட்டு விசையை அழுத்திப் பிடித்தால் மற்ற இரண்டும் மேலே எழும்பும்.

இனி எங்கே பிழைக்கும் என்று பாருங்கள்.

வேர்டில் இடைவெளி, சிறுகோடு, இடைவெளி என்று தட்டி அடுத்த சொல்லை முடித்ததும் அது தானாகவே நடுக்கோடாக மாறிவிடும். ரஷ்யப் புத்தக அச்சில் எதிர்பார்ப்பது நெடுங்கோடு. சிறுகோட்டை இரண்டு தரம் இடைவெளியில்லாமல் தட்டினால் நெடுங்கோடு வரும், ஆனால் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு வரும். ரஷ்ய வாக்கியத்தில் அதுவும் பிழை. வாக்கிய நடுவில் இரண்டு பக்கமும் இடைவெளி வேண்டும்.

அந்த இரண்டு இடைவெளியும் ஒரே வகை இல்லை. கோட்டுக்கு முன்னால் உடையா இடைவெளி (வேர்டில் கொன்ட்ரோல், ஷிஃப்ட், ஸ்பேஸ், மற்ற இடங்களில் ஆல்ட் 0160), பின்னால் சாதாரணம். இல்லாவிட்டால் வரி உடையும்போது கோடு அடுத்த வரியின் தலையில் போய் நிற்கும். ரஷ்யம், உக்ரேனியம், பல்கேரியம், போலிஷ் நாலிலும் வரித்தலையில் கோடு என்றால் உரையாடல் தொடங்குகிறது என்று அர்த்தம். தேயிலைப் பெக்கெட்டில் திடீரென்று யாரோ பேச ஆரம்பித்த மாதிரி ஆகிவிடும்.

வேர்டில் மொத்தமாக மாற்ற: தேடும் பெட்டியில் இடைவெளி, ^=, இடைவெளி. மாற்றும் பெட்டியில் ^ உடன் சின்ன எழுத்து எஸ், பிறகு ^+, பிறகு இடைவெளி. ^= நடுக்கோடு, ^+ நெடுங்கோடு, ^ எஸ் உடையா இடைவெளி. ரஷ்ய, உக்ரேனியப் பகுதிகளை மட்டும் தெரிவு செய்துகொண்டு ஓட்டுங்கள். முழுக் கோப்பிலும் ஓட்டினால் போலிஷும் பல்கேரியமும் கெடும். அந்த இரண்டிலும் இடைவெளி விட்ட நடுக்கோடு சாதாரணமாகப் புழங்குகிறது.

பாமினி மாதிரிப் பழைய எழுத்துரு அதே கோப்பில் இருந்தால் இன்னொரு தொல்லை. அந்த எழுத்துருக்களில் எழுத்துக் குறியீட்டின் மேல் எண்களில் தமிழ் எழுத்துத் துண்டுகள் உட்கார்ந்திருக்கும். கோட்டின் மேல் பாமினி பட்டுவிட்டால் கோட்டுக்குப் பதில் வேறு ஏதாவது வரும். தமிழ்ப் பகுதியை முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு மற்றதைத் தொடுங்கள்.

---

எல்ல மெனுக்கார்ட் எழுதியது:

நாட்டின் பெயர் விஷயத்தை யாரும் சொல்லவில்லையே. அதுதான் அதிகம் பிழைக்கும் இடம்.

ரஷ்யத்தில் "ஷ்ரீ-லங்கா", சிறுகோட்டோடு, இடைவெளி இல்லாமல். உக்ரேனியம், பெலாரஷ்யம், அஸர்பைஜானியிலும் சிறுகோடு. பல்கேரியம், செர்பியம், போலிஷ், செக், துருக்கியத்தில் கோடு இல்லை, வெறும் இடைவெளி. உங்கள் பல்கேரியத் திருத்துநர் வெட்டியது சரி, ரஷ்யர் தெஃபிஸ் கேட்டதும் சரி. நுவரெலியாவும் ரஷ்யத்தில் "நுவரா-எலியா" என்று சிறுகோட்டோடுதான்.

அங்கே இடைவெளி விட்டு நெடுங்கோடு போட்டால், அதாவது "ஷ்ரீ — லங்கா" என்று அடித்தால், ரஷ்யர் கண்ணுக்கு "ஷ்ரீ என்பது லங்கா" என்று தெரியும். எல்லயில் எத்தனை பலகையில் இப்படி இருக்கிறது என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள்.

பெயர் வரி முடிவில் உடையாமல் இருக்க உடையாச் சிறுகோடு உண்டு. வேர்டில் கொன்ட்ரோல், ஷிஃப்ட், சிறுகோடு. ஆனால் சில எழுத்துருக்களில் அந்தக் குறியே இருக்காது. அப்போது அந்த ஒரு கோடு மட்டும் வேறு எழுத்துருவில் தடிப்பாகவோ உயரம் மாறியோ வரும். பிடிஎஃப் எடுத்ததும் பெரிதாக்கிப் பாருங்கள்.

---

கொட்டகலை லேஅவுட் எழுதியது:

நன்றி சேர், நன்றி அண்ணே. இன்னும் ஒன்று. தமிழில் "சிலோன் தேயிலை மலையின் கொடை" என்று ஒரு வரி இருக்கிறது. தமிழில் கோடு கிடையாது, ஆங்கிலத்திலும் கிடையாது. ரஷ்யத்திலும் உக்ரேனியத்திலும் நடுவில் நெடுங்கோடு போட்டு வந்திருக்கிறது. பல்கேரியத்தில் இல்லை. அஸர்பைஜானியில் ஒரு வரியில் இருக்கிறது, அதே அமைப்புள்ள இன்னொரு வரியில் இல்லை. அழகுக்குப் போட்டார்களா? இடம் போதாததால் எடுத்துவிடலாமா?

---

பேராதனைச் சொல்லாய்வு எழுதியது:

எடுக்காதீர்கள். அது அழகுக் கோடு இல்லை, வாக்கியத்தின் முதுகெலும்பு.

தமிழ்க்காரருக்கு இது விளங்குவது சுலபம், ஏனென்றால் நம் வாக்கியமும் அப்படித்தான். "நுவரெலியா மலை நகரம்" என்கிறோம். "இருக்கிறது" என்று ஒன்றும் வேண்டியதில்லை. ரஷ்யமும் உக்ரேனியமும் நிகழ்காலத்தில் அதே மாதிரிதான்: பெயரும் பெயரும் பக்கத்தில், நடுவில் வினை இல்லை. வித்தியாசம் ஒன்றே ஒன்று. பேசும்போது நாம் கொடுக்கும் சின்ன நிறுத்தத்தை அவர்கள் எழுத்தில் காட்டுகிறார்கள்: "நுவரா-எலியா — மலை நகரம்". பாருங்கள், ஒரே வரியில் தெஃபிஸும் வருகிறது திரேயும் வருகிறது, இரண்டின் வேலையும் வேறு. கோட்டை எடுத்தால் பொருள் முழுக்க அழியாது, ஆனால் படிப்பவர் எங்கே எழுவாய் முடிகிறது என்று தேடுவார்.

விதிக்கு விலக்கும் உண்டு. எழுவாய் "அவர்", "நான்" மாதிரிப் பிரதிப்பெயராக இருந்தால் பொதுவாகக் கோடு இல்லை. பயனிலைக்கு முன் "அல்ல" என்ற எதிர்மறை வந்தாலும் இல்லை. "தேயிலை மருந்து அல்ல" என்பதை ரஷ்யத்தில் கோடில்லாமல்தான் எழுதுவார்கள். இரண்டாவது தரம் வரவேண்டிய வினையை விட்டுவிட்டால் அந்த இடத்திலும் கோடு வரும்: "நான் பிளேன்டீ குடிப்பேன், அவன் — கோப்பி."

பல்கேரியத்தில் ஏன் இல்லை என்றால், அங்கே "எ" என்ற இணைப்பு வினை கட்டாயம் வரும். வினை இருக்கும்போது கோட்டுக்கு அங்கே வேலை இல்லை. செக்கிலும் அப்படியே. போலிஷில் "தொ" என்ற சொல் நடுவில் வந்து அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும், கோடு கட்டாயமில்லை. அதாவது பல்கேரியம் ரஷ்யத்திடமிருந்து சொல்லை வாங்கியது, இந்தப் பழக்கத்தை வாங்கவில்லை.

அஸர்பைஜானியில் இருக்கிற வரியையும் இல்லாத வரியையும் பக்கத்தில் வைத்துக் கடைசி எழுத்துகளைப் பாருங்கள். முடிவில் -திர் என்ற விகுதி (உயிரைப் பொறுத்து -துர் என்றெல்லாம் மாறும்) இருந்தால் கோடு வராது. விகுதியை விட்டிருந்தால் அதன் இடத்தில் திரே வரும். உங்கள் மொழிபெயர்ப்பாளர் இடத்துக்கு ஏற்ப இரண்டையும் மாற்றிப் போட்டிருப்பார். இடம் உண்மையிலேயே போதாவிட்டால் எழுத்தைக் கால் பொயின்ட் குறையுங்கள், கோட்டில் கை வைக்காதீர்கள்.

சொல்லைக் கையாளும் விதத்திலும் ஒரு சங்கதி உண்டு. ரஷ்யத்திலும் உக்ரேனியத்திலும் திரே வேற்றுமை ஏற்காது, பன்மையிலும் திரேயே. விருந்தாளி போலவே இருக்கிறது. பல்கேரியத்தில் "திரேதா" என்று பன்மை எடுத்து, "திரேதோ" என்று சுட்டு விகுதியும் ஏற்று வீட்டுப்பிள்ளை ஆகிவிட்டது. ஓரக்குறிப்பில் திரேதா என்று பார்த்தால் வேறு சொல் என்று நினைக்கவேண்டாம், "கோடுகள்" என்கிறார்.

---

பதுளை திருத்துநர் எழுதியது:

ரஷ்ய எண்களில் ஒன்று விட்டுப்போயிற்று. "3–5" என்று இலக்கத்தில் எழுதினால் நீண்ட கோடு, இடைவெளி இல்லை. அதையே "மூன்று-நான்கு நிமிடம்" என்று எழுத்தில், தோராயமாகச் சொன்னால் சிறுகோடு. லேபிளின் ஒரு மூலையில் இலக்கமும் இன்னொரு மூலையில் எழுத்தும் இருந்தால் இரண்டு விதக் கோடும் வரும். அது முரண் இல்லை, "ஒரே மாதிரி ஆக்குகிறேன்" என்று கெடுத்துவிடாதீர்கள். போலிஷில் இலக்கத்துக்கு ஒட்டிய நடுக்கோடு. துருக்கியத்தில் ஒட்டிய சிறுகோடு.

போலிஷில், செக்கிலும் கூட, சிறுகோடுள்ள சொல் சரியாக அந்தக் கோட்டில் வரி உடைந்தால், வரி முடிவில் ஒன்று, அடுத்த வரித்தலையிலும் ஒன்று என்று சிறுகோட்டை இரண்டு தரம் போடவேண்டும். ரஷ்யத்தில் அப்படிக் கிடையாது. போலிஷ் புரூஃபில் வரித்தலையில் சிறுகோடு கண்டால் தட்டுப்பிழை என்று அழிக்கவேண்டாம்.

---

எல்ல மெனுக்கார்ட் எழுதியது:

சேர், கமாவுக்கும் இப்படித்தானா? ரஷ்யரும் உக்ரேனியரும் அதற்கு வேறு வேறு பேர் சொல்கிறார்கள்.

---

பேராதனைச் சொல்லாய்வு எழுதியது:

அங்கே கதை தலைகீழ். ரஷ்யம் "ஸப்பித்தாயா" என்று சொந்தச் சொல் வைத்திருக்கிறது, பல்கேரியம் ஸபெதாயா. உக்ரேனியம்தான் கிரேக்கத்திலிருந்து வந்த "கோமா"வை எடுத்தது. எஸ்தோனியத்திலும் கோமா. சிங்களத்தில் கொமாவ, நம் பேச்சில் கமா, எல்லாம் அதே கிரேக்கச் சொல்தான். பள்ளிக்கூடத்தில் காற்புள்ளி என்று படித்துவிட்டு வெளியே வந்து கமா என்கிறோமே, அந்த இரட்டைப் பழக்கம். துருக்கியமும் ருமேனியமும் லத்தீன் "விர்குலா" வழி போனவை; அதற்குச் சிறு குச்சி என்று பொருள். ஹங்கேரியர் அதை மொழிபெயர்த்து "வெஸ்ஸோ", குச்சி, என்றே சொல்கிறார்கள்.

---

கொட்டகலை லேஅவுட் எழுதியது:

திருத்திவிட்டேன். கடைசியாக ஒன்று: பெக்கெட்டின் அடியில் ரஷ்ய விநியோகஸ்தரின் மின்னஞ்சல் முகவரி வரவேண்டும். போனில் சொன்னார், நடுவில் "திரே" என்றார். இங்கே எழுதியதைப் பார்த்து நெடுங்கோடு போட்டிருக்கிறேன். சரிதானே?

---

தலவாக்கலை அச்சுக்கூடம் எழுதியது:

இல்லை தம்பி, உடனே மாற்றுங்கள்! முகவரியை வாயால் சொல்லும்போது ரஷ்யர் திரே என்றாலும் தெஃபிஸ் என்றாலும் மினுஸ் என்றாலும் மூன்றும் விசைப்பலகையிலுள்ள அந்தச் சிறுகோடுதான். பல்கேரியரும் அப்படியே. மின்னஞ்சல், இணைய முகவரி, தொலைபேசி எண், பொருள் குறியீட்டு எண் எதிலும் நெடுங்கோடு வராது. போட்டால் பார்ப்பவர் கண்ணுக்குப் பிழையாகத் தோன்றாது, பார்த்துத் தட்டுகிறவருக்கும் போய்ச்சேரலாம்; ஆனால் பிடிஎஃபிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் அஞ்சல் போகாது, குறியீட்டு எண்ணைத் தேடினால் கிடைக்காது.

நான் சொன்ன தேடி மாற்றும் வேலையை ஓட்டிய பிறகு இந்த இடங்களை ஒரு தரம் கையால் பாருங்கள். சிறுகோட்டை மட்டும் தேடும் பெட்டியில் போட்டு ஒவ்வொன்றாக நிறுத்திப் போனால், எங்கே அது காணாமல் போயிருக்கிறது என்று தெரிந்துவிடும்.